பிறர் படங்களே பாடம்

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் படைத்தவற்றை எண்ணிக் காட்டுவது வழக்கம். நான் எழுதப் புகும் மனிதரின் வரலாற்றை எழுத அது மட்டும் போதாது. அவர் எடுத்த படங்கள் பல. ஆனால் அவர் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்த பிறர் படங்கள் அவற்றினும் பல. பார்த்தார், நிறை கண்டார், குறை கண்டார், கண்டதை அஞ்சாமல் சொன்னார். சொன்னதைத் தம் படங்களின் மீதும் திருப்பினார். அறுபது ஆண்டுக் காலம் இதுவே அவருடைய பள்ளிக்கூடமாக இருந்தது. அவர்தாம் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ்.

அறிவியல் மாணவனாகிய எனக்கு அவர்மீது தனிப் பற்று உண்டு. காரணம் எளியது. அவர் ஓவியப் பள்ளியிலிருந்து வந்தவர் அல்லர்; நம்மைப் போல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர்.

ஆய்வுக்கூடத்து மாணவர்

1864ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், நியூயார்க் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஹோபோக்கன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர்; கம்பளி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். ஆறு குழந்தைகளில் ஆல்ஃபிரடே மூத்தவர். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும் என்று கருதிய தந்தை, 1881இல் வணிகத்தை விற்றுவிட்டுக் குடும்பத்துடன் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டு மகன் பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடத்தில் எந்திரப் பொறியியல் மாணவரானார்.

பொறியியல் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அங்கே ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் பேராசிரியர் நிழற்பட வேதியியல் கற்பித்து வந்தார். ஃபோகலின் பெயர் நம் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. வெள்ளி புரோமைடு பூசிய தகடு நீல ஒளியைத்தான் நன்கு உணரும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருள். ஆகவே அக்காலப் படங்களில் நீல வானம் வெறும் வெள்ளையாகும், மேகம் மறைந்துபோகும், மஞ்சள் மலர் கருத்துவிடும். தகட்டின் பூச்சில் தகுந்த சாயம் ஒன்றைச் சேர்த்தால் பச்சை, மஞ்சள் ஒளிகளையும் அது உணரும் என்று 1873இல் கண்டறிந்தவர் ஃபோகல். தகட்டுக்குக் கண் திறந்தவர் என்றே அவரைச் சொல்லலாம்.

அந்த ஆசிரியர் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். வெண்சாந்துச் சிலை ஒன்று. அதனுடன் கருப்பு வெல்வெட் துணி. வெள்ளையும் தன் நுட்பம் கெடாமல், கருப்பும் தன் மடிப்புகள் கெடாமல் ஒரே படத்தில் விழவேண்டும். மற்ற மாணவர் ஓரளவு வந்ததும் போதும் என்று அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டனர். ஸ்டீக்லிட்ஸ் மட்டும் வாரக்கணக்கில் அதையே எடுத்துக்கொண்டிருந்தாராம். ஒரு படம் சரியில்லை என்றால், எங்கே சரியில்லை, ஏன் சரியில்லை என்று தெரியாமல் அவரால் நகர முடியவில்லை. பிற்காலத்துத் திறனாய்வாளரின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

முதல் நடுவர்

1887இல் லண்டனிலிருந்து வந்த 'அமெச்சூர் போட்டோகிராபர்' என்னும் இதழ், விடுமுறைக் காலப் படங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். இவர் மருத்துவம் படித்தவர். வேடம் புனைந்து, பல நெகடிவ்களை ஒட்டிச் சேர்த்துச் செய்யும் செயற்கைப் படங்களைக் கடுமையாகச் சாடியவர். இயற்கையை இயற்கையாகவே காட்டவேண்டும் என்று வாதிட்டவர். இத்தாலியில் சிறுவர் கூட்டம் ஒன்று சிரித்து மகிழும் காட்சியை ஸ்டீக்லிட்ஸ் அனுப்பியிருந்தார். அதற்கே முதற்பரிசு கிடைத்தது. வந்த படங்களுள் தன்னியல்பாக அமைந்தது இதுவே என்பது நடுவரின் தீர்ப்பு.

பரிசைவிட அந்தத் தீர்ப்பே இளைஞருக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். படம் அழகு என்று நடுவர் நிறுத்திக்கொள்ளவில்லை. எதனால் அழகு என்று காரணம் காட்டினார். காரணம் தெரிந்த பாராட்டு மறுமுறையும் பயன்படும். காரணம் தெரியாத பாராட்டு அன்று மாலையே கரைந்துபோகும்.

பனியில் மூன்று மணி நேரம்

1890இல் அவர் நியூயார்க் திரும்பினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்குச் சுருள். பொத்தானை அழுத்துவதுதான் வாங்கியவர் வேலை. மற்றவற்றைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு படம் எடுப்பவர் பெருகினர். படத்தை நின்று பார்ப்பவர்தாம் பெருகவில்லை.

சிறு கைக்காமிராவை முதலில் இகழ்ந்த ஸ்டீக்லிட்ஸ், பின்பு அதையே கையில் எடுத்தார். 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் நியூயார்க்கில் கடும் பனிப்புயல். ஐந்தாம் அவென்யூவில் அவர் மூன்று மணி நேரம் நின்றார். குதிரை வண்டி ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு வரும் கணத்துக்காகக் காத்திருந்து அழுத்தினார். நெகடிவைக் கண்ட சங்க நண்பர்கள் நகைத்தார்கள். தெளிவே இல்லையே, தூக்கி எறி என்றார்கள். அவர் எறியவில்லை. அவர்கள் சொன்னதற்காக வருந்தி மூலையில் உட்காரவும் இல்லை. நெகடிவை மீண்டும் மீண்டும் பார்த்தார். பக்கங்களில் தேவையில்லாதவை நிறைந்திருந்தன. அவற்றை வெட்டி, அகலமான காட்சியை நெடிய படமாக்கினார். வண்டியும் பனியும் தடங்களும் மட்டும் எஞ்சின. அப்படமே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

நண்பர்கள் சொன்னது முழுப்பிழை அன்று. படத்தில் குறை இருந்தது. ஆனால் குறை இருந்த இடம் அவர்கள் காட்டிய இடம் அன்று. பிறர் கருத்தைக் கேட்பது வேறு. அதற்கு அடிமையாவது வேறு. குறை சொல்பவன் நோயைச் சரியாகவே உணரக்கூடும். மருந்தை நாம்தாம் தேடவேண்டும்.

இதழாசிரியர்

1893 முதல் மூன்று ஆண்டுகள் அவர் ஓர் அமெரிக்க நிழற்பட இதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றினார். 1896இல் நியூயார்க்கின் இரண்டு சங்கங்கள் இணைந்து காமிரா கிளப் ஆயின. மறு ஆண்டு கிளப்பின் செய்தித்தாளை 'காமிரா நோட்ஸ்' என்னும் காலாண்டு இதழாக மாற்றித் தாமே நடத்தினார். உறுப்பினர் படங்களை எல்லாம் வரிசையாகப் போட்டு அனைவரையும் மகிழ்விக்கும் இதழாக அது இருக்கவில்லை. சடாகிச்சி ஹார்ட்மன் போன்ற கூரிய திறனாய்வாளர்களை எழுதவைத்தார். நல்லதை நல்லது என்றும் அல்லதை அல்லது என்றும் அச்சிட்டார். உறுப்பினர் சினந்தனர். சந்தா கட்டும் நம்மையே குறை சொல்வதா என்று முணுமுணுத்தனர். 1902இல் அவர் ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே ஆண்டில் ஒத்த கருத்துடையோரைச் சேர்த்து 'போட்டோ செசஷன்' என்னும் குழுவை அமைத்தார். 1903இல் 'காமிரா ஒர்க்' தொடங்கியது. அதன் படங்கள் செப்புத் தகட்டிலிருந்து அச்சாகி, மெல்லிய தாளில் கையால் ஒட்டப்பட்டவை. ஒவ்வொன்றையும் அவர் கண் பார்த்துத் தேறவேண்டும். ஒருமுறை பிரஸ்ஸல்ஸ் நகரக் கண்காட்சிக்கு மூலப் படங்கள் சென்று சேராதபோது, இதழின் அச்சுப் பக்கங்களையே தொங்கவிட்டனராம். பார்த்தவர் பலர் அவற்றை மூலங்கள் என்றே நம்பினர்!

1905இல் எட்வர்ட் ஸ்டைக்கன் என்னும் இளைஞரின் துணையோடு ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் வீட்டில் சிறு கண்காட்சிக் கூடம் ஒன்றைத் திறந்தார். ஸ்டைக்கனை அவர் கண்டுபிடித்ததும் படங்களைப் பார்த்துத்தான். 1900இல் பாரிஸ் செல்லும் வழியில் படங்களைக் காட்ட வந்த அந்த ஏழை இளைஞரிடம், படம் ஒன்றுக்கு 5 டாலர் வீதம் மூன்று படங்களை விலைக்கு வாங்கினார். நன்று என்று சொல்வதற்கும் நன்று என்று சொல்லிக் காசை எடுத்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ! இவ்வாறு வாங்கியும் பெற்றும் சேர்த்த பிறர் படங்களில் நானூற்றுக்கும் மேற்பட்டவை 1933இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்குச் சென்றன.

அந்தச் சிறு கூடத்தில் படங்களோடு நில்லாமல் ரோடினின் கோட்டுப்படங்களையும், மத்தீஸ், செசான், பிக்காசோ ஆகியோரின் படைப்புகளையும் தொங்கவிட்டார். நிழற்படத்தை ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான பலமும் பலவீனமும் புலப்படும் என்பது அவர் எண்ணம். 1907இல் கப்பலின் கீழ்த்தட்டு ஏழைப் பயணிகளை அவர் எடுத்த படம் இன்றும் புகழுடையது. வட்டமான வைக்கோல் தொப்பி, சாய்ந்த புகைபோக்கி, குறுக்கே வெள்ளைப் பாலம், கீழே மக்கள் கூட்டம். பிறர் படங்களில் கோடுகளையும் வடிவங்களையும் இருபது ஆண்டு தேடிய கண்ணுக்கு, அவை ஒரு நொடியில் பிடிபட்டன.

ஸ்ட்ராண்டுக்குச் சொன்ன சொல்

அவருடைய திறனாய்வின் சிறப்பை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். பால் ஸ்ட்ராண்ட் என்னும் இளைஞர், பள்ளியில் லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியரிடம் படமெடுக்கக் கற்றவர். அந்த ஆசிரியரே மாணவர்களை 291க்கு அழைத்து வந்து காட்டினார். அதன்பின் ஸ்ட்ராண்ட் சில ஆண்டுகள் இடைவிட்டு இடைவிட்டுத் தம் படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டீக்லிட்ஸிடம் வருவார். அக்காலத்தில் எல்லாவற்றையும் மங்கலாக, மென்மையாகக் காட்டும் லென்ஸ் பலருக்குப் பிடித்தமானது. ஸ்ட்ராண்டும் அதையே பயன்படுத்தினார்.

ஸ்டீக்லிட்ஸ் பார்த்தார். இந்த லென்ஸ் ஒளியை எளிமைப்படுத்துகிறது என்று நிறையை முதலில் ஒப்புக்கொண்டார். பின்பு குறையைச் சொன்னார். இதில் புல்லும் நீரும் மரப்பட்டையும் ஒரே பொருளால் செய்யப்பட்டவை போலத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய தனித்தன்மை போய்விட்டது என்றார். லென்ஸின் துளையைச் சுருக்கி எடுத்துப் பார்க்கும்படி வழியும் காட்டினார்.

நிறை, குறை, காரணம், வழி. நான்கும் ஒரு சிறு உரையாடலில் அடங்கிவிட்டன. ஸ்ட்ராண்ட் திரும்பிப் போய் உழைத்தார். 1915, 1916ஆம் ஆண்டுகளில் அவர் கொண்டுவந்த படங்கள் வேறு உலகத்தவை. வங்கிக் கட்டடத்தின் பெரிய இருண்ட சாளரங்களின் கீழ் எறும்புகள் போல் நடக்கும் மனிதர். கழுத்தில் அட்டை தொங்கும் பார்வையற்ற பெண். ஒரு வெள்ளை வேலி. 1916இல் அவற்றுக்குத் தம் கூடத்தில் இடம் கொடுத்தார் ஸ்டீக்லிட்ஸ். 1917இல் வந்த 'காமிரா ஒர்க்'கின் இறுதி இதழில் ஸ்ட்ராண்டின் படங்களையே வெளியிட்டார். ஆயிரத்தை நெருங்கியிருந்த சந்தாதாரர் தொகை அப்போது நாற்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. இதழ் நின்றது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு வழி கிடைத்துவிட்டது. ஆசிரியருக்குத் தம் பழைய மங்கல் படங்களை விட்டு விலகும் துணிவை மாணவரின் படங்களே தந்தன என்றாலும் மிகையாகாது.

நாவின் கொடுமை

புகழ்ந்தே எழுதிச் செல்வது வரலாறு ஆகாது. குறை காணும் கண் வாய்த்தவரிடம், குறை பொறுக்கும் மனம் எப்போதும் வாய்ப்பதில்லை. ஸ்டீக்லிட்ஸ் பிடிவாதக்காரர். தம் சொல்லே முடிவு என்று இருந்தார். 1908இல் காமிரா கிளப் அவரை நீக்கியது. வழக்குத் தொடுத்து மீண்டும் உறுப்பினராகி, பின்பு தாமே விலகினார். கெர்ட்ரூட் கேசபியர் என்னும் பெரும் கலைஞர் 1912இல் அவர் குழுவை விட்டு வெளியேறினார். கிளாரன்ஸ் ஒயிட் என்ற நெடுநாள் தோழரும் பிரிந்தார்.

அந்த ஒயிட் 1914இல் நியூயார்க்கில் தாமே ஒரு நிழற்படப் பள்ளி தொடங்கினார். மென்மையான மனிதர், மாணவர் படங்களைச் சுவரில் வைத்து, ஒருவர் படத்தை மற்றவர் ஆராயச் செய்து கற்பித்தவர். டொரோத்தியா லாங், மார்கரெட் பர்க்-ஒயிட் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். இருவரும் பிறர் படங்களைப் பார்த்தே கற்பித்தார்கள். ஒருவர் சுடச்சுடச் சொன்னார். மற்றவர் ஆறவைத்துச் சொன்னார். ஒயிட்டின் வகுப்பில் எவரும் மனம் உடைந்து போகவில்லை என்பதை, ஸ்டீக்லிட்ஸைப் போற்றும் நாம் மறத்தலாகாது.

மேகங்கள்

ஆயினும் அவரிடம் நான் வியக்கும் பண்பு ஒன்று உண்டு. தம்மீது குற்றச்சாட்டு வந்தபோது அவர் செய்த செயல் அது. 1920களின் தொடக்கத்தில் வால்டோ ஃபிராங்க் என்ற எழுத்தாளர், ஸ்டீக்லிட்ஸ் படங்களின் ஆற்றலுக்குக் காரணம் அவர் தம் எதிரே அமர்பவர்களை வசியம் செய்வதே என்ற பொருள்பட எழுதினார். ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபை அவர் தொடர்ந்து எடுத்த படங்கள் அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தன. அப்படியானால் கலை அவருடையது அன்று. எதிரே இருந்த முகத்தினுடையது என்றாகிறது.

அவர் மறுப்புக் கட்டுரையோடு நின்றுவிடவில்லை, சோதனை செய்தார். ஓர் விளைவுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டால், அக்காரணத்தை நீக்கிவிட்டு விளைவு நிற்கிறதா என்று பார்ப்பது நம் ஆய்வுக்கூட முறை. மனித முகத்தை நீக்கினார். காமிராவை வானத்தை நோக்கித் திருப்பினார். மேகம் எவர் வசியத்துக்கும் கட்டுப்படாது. வரி இல்லாமல் எல்லார்க்கும் பொது. 1922 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் லேக் ஜார்ஜ் என்னும் ஊரில் மேகங்களைப் படமெடுத்தார். கருத்தும் வெளுத்தும் சுழலும் அச்சிறு படங்களுக்குப் பின்பு 'ஈக்விவலண்ட்ஸ்' என்று பெயரிட்டார்; மனநிலைகளுக்கு நிகரானவை என்பது பொருள்.

இங்கே ஃபோகலின் சாயம் நினைவுக்கு வரவில்லையா? நீல வானத்தில் மேகத்தைப் பிரித்துக் காட்டும் தகட்டைக் கொண்டு, மாணவப் பருவத்திலேயே சுவிட்சர்லாந்தில் மேகங்களை எடுத்துப் பார்த்தவர் அவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு குறை கூறலுக்கு விடை சொல்ல அந்தப் பழைய பாடம் கைகொடுத்தது.

குமாரசுவாமியின் கண்

இந்தப் படங்களின் மதிப்பை உணர்ந்தவர்களுள் தமிழுக்கு உறவான ஒருவரும் உண்டு. பாஸ்டன் நுண்கலைக்கூடத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பேணிய ஆனந்த குமாரசுவாமிதாம் அவர். கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர்; நிலவியல் படித்தவர்; இலங்கையில் தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்த பின்பு கலையாராய்ச்சிக்கு வந்தவர். அவர் முயற்சியால் 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அக்கலைக்கூடத்தில் இடம்பெற்றன. அமெரிக்காவின் பெரிய கலைக்கூடம் ஒன்று நிழற்படத்தைக் கலையாக ஏற்ற முதல் நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. வேதியியல் கூடத்திலிருந்து வந்த ஒருவரின் படங்களுக்கு, நிலவியல் கூடத்திலிருந்து வந்த ஒருவர் வாயில் திறந்துவிட்டார்!

முதுமையிலும் ஸ்டீக்லிட்ஸ் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1933இல் ஆன்சல் ஆடம்ஸ் என்ற இளைஞர் படக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தார், கட்டினார், மீண்டும் அவிழ்த்து முதலிலிருந்து பார்த்தார். அதன் பிறகே வாய் திறந்து பாராட்டினார். மூன்று ஆண்டு கழித்து அந்த இளைஞரின் கண்காட்சி அவர் கூடத்தில் நடந்தது. 1946ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் ஸ்டீக்லிட்ஸ் மறைந்தார்.

நாம் செய்யத் தக்கது

நண்பர்களே, இவ்வரலாற்றை நம் இதழில் எழுதக் காரணம் உண்டு. ஊரை விட்டு ஆயிரம் கல் கடந்து வந்து படிக்கும் நாம் சிலர். அந்தச் சிலருக்குள் ஒருவர் மனம் நோகக்கூடாது என்பதில் நாம் மிகவும் கவனமாக இருக்கிறோம். பொங்கல் விழாவில் படங்களைக் கயிற்றில் தொங்கவிடுகிறோம். எல்லாப் படமும் நன்று என்று சொல்லிச் சுண்டல் தின்று கலைகிறோம். சென்ற விழாவில் இளையவன் ஒருவன் தன் படத்தின் கீழே நின்றுகொண்டு, அண்ணா, இதில் என்ன குறை என்று வருவோர் போவோரை எல்லாம் கேட்டான். எல்லாரும் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் முகம் வாடியதை நான் கண்டேன். அவன் கேட்டது பாராட்டு அன்று. இரண்டு நிமிடப் பார்வை. அன்பு என்று நினைத்து நாம் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

புலவர் அவையில் அரங்கேறாத நூல் நூலாகாது என்று கருதிய மரபு நம்முடையது. குற்றம் காண்பவரைப் பகைவர் என்று அம்மரபு எண்ணவில்லை. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியாகக் காமிரா இருக்கிறது. நாளுக்கு நூறு படம் எடுக்கிறோம். மாதம் ஒரு மாலை, பத்தே படங்களை வைத்துக்கொண்டு உட்காருவோம். எடுத்தவர் பெயரை மறைத்துவிடுவோம். முதல் இரண்டு நிமிடம் எவரும் பேசவேண்டாம். பின்பு நிறை ஒன்று, குறை ஒன்று, அதற்குக் காரணம், திருத்த ஒரு வழி என்ற வரிசையில் பேசுவோம். ஸ்டீக்லிட்ஸின் கண்ணையும் ஒயிட்டின் நாவையும் ஒருங்கே கைக்கொள்வோம். அடுத்த பொங்கலுக்குள் நம் படங்கள் திருந்துகின்றனவா என்று பார்ப்போம். திருந்தாவிட்டாலும் நட்டமில்லை, படம் பார்க்கவாவது கற்றிருப்போம். முதல் மாலைக்கு என் படங்கள் இரண்டைத் தருகிறேன்.